யாத்திரையும் இடைத்தரகரும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாத்திரை செல்வோர் தாமே நேராகச் சீட்டு எடுத்துக்கொள்வது நலமா, இடையில் ஒரு தரகரை வைத்துக்கொள்வது நலமா என்பதைப் பற்றி நாம் இன்று பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். சமய விசாரங்களும் இலக்கிய ஆராய்ச்சிகளும் கேட்டுப் பழகிய இச்சபையில் டிக்கெட்டு விஷயம் பேசுவதா என்று சிலர் நகைக்கலாம். காசிக்கென்று ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே நாளில் பறிபோனதைக் கண்ணாரக் கண்டோமாதலால், நாம் இதனை அற்ப விஷயமென்று கருதவில்லை.

கண்டது யாதெனில்: 2023-ஆம் வருஷம் மாசி மாதத்தில் நம் தெருவிலிருந்து 11 பேர் காசிக்குப் புறப்பட்டோம். நகரத்தில் யாத்திரை ஏற்பாடு செய்யும் ஒருவரிடம் ரயில், விடுதி, வண்டி யாவற்றுக்கும் மொத்தமாகப் பணம் கொடுத்தாயிற்று. அவர் சிரித்த முகத்துடன் இரண்டு காகிதங்களை உறையிலிட்டுக் கொடுத்தார். ஒரு சீட்டில் 6 பேருக்கு மேல் பெயர் எழுத ரயில்வேயில் இடமில்லையாதலால் இரண்டு சீட்டுகள். உறையைப் பிரித்துப் படித்துப் பார்க்கும் புத்தி எங்களுள் ஒருவருக்கும் உண்டாகவில்லை. சென்னை சென்டிரலுக்கு வந்தபின்னரே, 6 பேருக்குப் படுக்கை உறுதி, மற்ற 5 பேரும் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்டனர் என்பது தெரியவந்தது.

இணையவழி எடுத்த சீட்டில் உள்ள அனைவருமே காத்திருப்பில் நின்றால், பிரயாணிகளின் அட்டவணை தயாரானதும் அச்சீட்டு தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறுகிறவர் சீட்டில்லாப் பிரயாணியே ஆவார். அந்த ஐவரில் ஒருவர் எமது பெரிய தாயார். வயது 74. பெரியப்பாவின் அஸ்தியைச் சிறு பித்தளைச் செம்பில் வைத்து மஞ்சள் துணியால் கட்டி மடியில் ஏந்தியிருந்தார். "நீங்கள் போய் வாருங்கள் அப்பா, நான் வீட்டுக்குப் போகிறேன்" என்றார். நாம் போகவில்லை, அவருடனேயே திரும்பினோம்.

நிற்க. இதன் பிறகு நிகழ்ந்ததே நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. ரத்தான சீட்டுக்குரிய பணத்தை ரயில்வே திருப்பித் தந்துவிடும். ஆனால் எந்தக் கணக்கிலிருந்து பணம் சென்றதோ அந்தக் கணக்குக்கே அது திரும்பும். எங்கள் சீட்டுக்குப் பணம் கட்டியது தரகரின் கணக்கு. சீட்டில் பதிந்திருந்த கைப்பேசி எண்ணும் அவருடையதே. ஆகவே பணம் சில தினங்களில் அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. செய்தியும் அவருக்கே வந்தது. எங்களிடமோ, "ரயில்வேயில் இருந்து இன்னும் வரவில்லை" என்று நான்கு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். பல தடவை நடந்தபின் பாதித் தொகை கிடைத்தது. மீதியை நாங்கள் கைவிட்டோம்.

ஐ.ஆர்.சி.டி.சி. என்னும் ரயில்வேயின் நிறுவனம் இதனை அறிந்தே 2019-ஆம் வருஷத்தில் ஒரு முறையை ஏற்படுத்தியிருந்தது. அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டு மூலம் எடுத்த சீட்டு ரத்தானால், திரும்பும் தொகையும் ஓர் இரகசிய எண்ணும் பிரயாணியின் கைப்பேசிக்கு வரும். அந்த எண்ணைப் பிரயாணி சொன்னபின்பே ஏஜெண்டு கணக்கை முடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சீட்டில் நமது எண் இருந்தாலன்றோ நமக்கு வரும்! தரகரிடம் போவோர் போகட்டும்; தமது கைப்பேசி எண்ணையே சீட்டில் பதியச் செய்து, அதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்கட்டும்.

ஆகாய விமானத்திலும் இதே கதைதான். 2020-ஆம் வருஷ ஊரடங்கில் விமானங்கள் நின்றபோது, ஏஜெண்டு மூலம் சீட்டு வாங்கிய அநேகர் கம்பெனிக்கும் ஏஜெண்டுக்கும் இடையே பந்தாடப்பட்டனர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. விமானக் கம்பெனி தரும் பணத்தை ஏஜெண்டு உடனே பிரயாணியிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்று 2020 அக்டோபர் 1-ஆம் தேதி அக்கோர்ட்டு உத்தரவிட வேண்டியதாயிற்று. நேராக வாங்கியவருக்கு ஒரு கதவைத் தட்டினால் போதும். இவர்களுக்கோ இரண்டு கதவு.

முன்காலத்தில் தரகரை நாடியதற்கு நியாயமுண்டு. ஸ்டேஷனில் விடியற்காலை முதல் வரிசையில் நிற்க யாரால் முடியும்? இப்போது அந்த நிர்ப்பந்தம் பெரிதும் நீங்கிவிட்டது. 2002-ஆம் வருஷம் முதல் வீட்டிலிருந்தே ரயில் சீட்டு எடுக்கலாம். 120 நாள் முன்னதாக எடுக்கலாமென்றிருந்த காலம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. 2025 ஜூலை முதல் தத்கால் சீட்டுத் திறக்கும் முதல் அரை மணி நேரத்தில் ஏஜெண்டுகள் எடுக்கவும் கூடாது. குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி; ஆதார் இணைத்த சொந்தக் கணக்கு உள்ளவர் அந்நேரத்தில் தரகரை முந்திக்கொள்ளலாம். அங்கீகாரமின்றிச் சீட்டு வியாபாரம் செய்வது 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி குற்றமென்பதையும் அறிந்து வைத்திருப்பது நலம்.

இவ்வளவும் கேட்டுத் தரகரென்றாலே தீயவரென்று நாம் சொல்வதாக எண்ணவேண்டாம். ஹரித்துவாரத்தில் பண்டாக்கள் என்னும் புரோகிதர்கள் யாத்திரிகர்களின் வமிசாவளியைத் தலைமுறை தலைமுறையாக ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களும் இடைநின்று பொருள் பெறுகிறவர்களே. ஆயினும் பாட்டனார் வந்துபோன வருஷத்தைப் பேரனுக்குக் காட்டுகிறார்களே, அது கூலிக்குத் தகுந்த வேலையன்றோ!

சில இடங்களுக்குத் தரகரின்றிப் போகவே இயலாது. கயிலாய யாத்திரையை மத்திய வெளியுறவு அமைச்சகம் 1981 முதல் நடத்திவருகிறது. 2020-இல் நின்று, 2025-இல் மீண்டும் தொடங்கியது. அதற்கு நேராகவே விண்ணப்பம் செய்யலாம். குலுக்கலில் பெயர் வரவேண்டும், உடல் பரிசோதனையிலும் தேறவேண்டும். நேபாளத்தின் வழியாகப் போக விரும்புவோரோ, திபெத்துக்குள் தனியே நுழைய அநுமதியில்லாமையால், ஒரு நிறுவனத்தின் குழுவில் சேர்ந்தேயாகவேண்டும். அங்கே தரகர் உண்மையாகவே உழைக்கிறார்; கூலி கொடுப்பதில் தவறில்லை.

மொத்தமாக ஒருவரிடம் ஒப்புவிப்பதில் ஒரு காப்பும் இருக்கக்கூடும். 1841-ஆம் வருஷம் ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டரிலிருந்து லவ்பரோவுக்குச் சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங்கில் ரயிலேற்றிச் சென்றார். அதிலிருந்து வளர்ந்த கம்பெனி 2019 செப்டம்பர் 23-இல் முறிந்தது. (இந்தியாவில் அப்பெயருடன் நடப்பது வேறு கம்பெனி, அதற்குச் சேதமில்லை.) அன்று வெளிநாடுகளில் இருந்த பிரிட்டிஷ் வாடிக்கைக்காரர் சுமார் ஒன்றரை லட்சம். அந்நாட்டில் 1973 முதல் விமானச் சுற்றுலா நடத்துவோர்மீது ஒரு காப்புத் திட்டம் உண்டு. ஆதலால் அவர்களை அரசாங்கத்தின் விமானத்துறை ஊர் கொண்டுவந்து சேர்த்தது; காப்புப் பெற்ற சுற்றுலாவுக்குப் பணம் கட்டிப் புறப்படாதிருந்தவர்களுக்குத் தொகையும் திரும்பியது. நமது நாட்டில் சுற்றுலா அமைச்சகம் அங்கீகாரம் அளிப்பதுண்டு. அதைப் பெறுவது நடத்துவோரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆகவே பிரிட்டிஷார் தரகரிடம் வைக்கும் நம்பிக்கையை அப்படியே நாமும் வைப்பதற்கில்லை.

நேராக வாங்குகிறோமென்று எண்ணிக்கொண்டு மோசம் போவதும் உண்டு. கேதாரநாத் ஹெலிகாப்டருக்கு 2023 முதல் ஐ.ஆர்.சி.டி.சி.யின் தளமே வழி. அதைப்போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் பல கிளம்பின. பணம் போயிற்றென்று கண்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தரகர் ஏமாற்றினாலோ, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்கிடலாம்; அவர் ஊருக்கு அலையவேண்டுவதில்லை. ரசீது மாத்திரம் வேண்டும். நாங்கள் ஒரு ரசீதும் வாங்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

சங்கத்தார் செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறோம். ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் நம் வாலிபர் இருவர் சங்கக் கட்டடத்தில் கணினியுடன் இருப்பார்கள். ஆதாரையும் கைப்பேசியையும் கொண்டுவந்தால் உங்கள் பெயரிலேயே கணக்குத் தொடங்கிக் கொடுப்பார்கள். அவர்கள் கையில் பணம் கொடுக்கவேண்டாம். உங்கள் பாங்குக் கணக்கிலிருந்தே கட்டவேண்டும்.

பெரிய தாயார் இரண்டு மாதத்திற்குப் பின், தம் பெயரில் நாமே எடுத்த சீட்டில் காசிக்குச் சென்று அஸ்தியைக் கங்கையில் சேர்த்தார். அங்கிருந்து கொணர்ந்த கங்கைச் செம்பு இன்னும் பூஜையறையில் இருக்கிறது. அதை இராமேசுவரத்தில் அபிஷேகத்துக்குச் சேர்ப்பிக்க வேண்டுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரிசையில் முதலில் நிற்கப்போகிறவர் அவர்தாம்.