காத்திருக்கும் மாதங்களில் ஒரு வேலை

(பழைய மாணவர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“உயர்தரம் எழுதின பிள்ளைகளும் வருவினம். அவைக்குப் பிரயோசனமாக ஏதாவது சொல்லுங்கோ” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மருத்துவபீடத்துக்குப் போவது எப்படி என்று நான் சொல்வேன் என அவர் நினைத்திருக்கலாம். அதைச் சொல்ல இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறார்கள். பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் கூப்பிடும் வரைக்கும் வீட்டில் கழியப்போகும் மாதங்களைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். பிள்ளைகளே, அந்த மாதங்களில் சம்பளத்துக்கு ஒரு வேலை தேடுங்கள்.

எங்கள் நாட்டில் உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் நீண்ட இடைவெளி இருக்கிறது. முதலில் பெறுபேற்றுக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு இஸட் புள்ளிக்கும், வெட்டுப்புள்ளிக்கும், பதிவுக்கடிதத்துக்கும் ஒவ்வொன்றாகக் காத்திருக்க வேண்டும். மேற்கு நாடுகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கோடை விடுமுறை வருகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்புக் காலம்தான் கோடை விடுமுறை.

கனடாவிலும் இலண்டனிலும் இருந்து வந்திருக்கும் அக்காமாரின் பிள்ளைகள் அந்த விடுமுறையில் கடைகளிலும் உணவகங்களிலும் நூலகங்களிலும் வேலை செய்கிறார்கள். கனடாவில் 15 முதல் 30 வயது வரையான இளையோரைக் கோடையில் வேலைக்கு எடுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் மத்திய அரசே சம்பள மானியம் கொடுக்கிறது. அங்கே பேரப்பிள்ளை கடையில் நிற்பதைப் பெருமையாகச் சொல்லும் அதே பாட்டி, இங்கே அடுத்த வீட்டுப் பிள்ளை கடையில் நின்றால் “அவைக்கு என்ன குறை வந்தது?” என்று கேட்கிறார்.

என் வீட்டிலும் அந்தக் கேள்வி வந்தது. 2002 ஆம் ஆண்டு, போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ9 பாதை திறந்த காலம். அதுவரை கப்பலை நம்பியிருந்த யாழ்ப்பாணத்துக்கு லொறிகளில் சாமான் வரத் தொடங்கியது. கடைகள் பெருகின, கடைகளுக்கு ஆட்களும் தேவைப்பட்டார்கள். நான் வேலை தேடுகிறேன் என்றதும் அம்மம்மா, “டொக்டருக்குப் படிக்கப்போற பிள்ளை கடையில நிக்கிறதோ?” என்றார். தம்பியின் வகுப்புக் காசுக்கே அம்மா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அம்மா ஒன்றும் சொல்லாமல் என் சைக்கிளுக்குக் காற்று அடித்துத் தந்தார்.

ஆறு இடங்களுக்குப் போனேன். ஆறு இடத்திலும் கணக்கு வருமா, ஆங்கிலம் வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. “ஆரைத் தெரியும்? ஆர் அனுப்பினது?” என்றே கேட்டார்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது. ஏழாவதாகப் போன ஒரு மருந்துக்கடையில் முதலாளி என் சாதாரண தரப் பெறுபேற்றை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு பழைய பில்லைத் தந்து கூட்டச் சொன்னார். கூட்டினேன். மாதம் 2,500 ரூபா, திங்கட்கிழமை வரலாம் என்றார்.

மருந்து கொடுப்பது பதிவுபெற்ற மருந்தாளரின் பொறுப்பு. பில் எழுதுவது, வந்த பெட்டிகளை எண்ணி வைப்பது, காலாவதித் திகதி கிட்டியதை முன்னுக்கு எடுத்து வைப்பது எல்லாம் என் வேலை. சின்ன வேலைதான். ஆனால் ஒரு மருத்துவருக்கு வேண்டிய சில பாடங்களை மருத்துவபீடத்துக்குப் போக முன்னரே அந்த மேசையடியில் படித்தேன்.

ஒரு மாதத்துக்கு எழுதிய துண்டோடு வரும் முதியவர், விலையைக் கேட்டுவிட்டு, “ஐஞ்சு நாளைக்குத் தாங்கோ பிள்ளை” என்பார். ஐந்து நாள் குளிசை முடிந்த பிறகு அவர் என்ன செய்வார் என்று நான் அப்போதே யோசித்ததுண்டு. பிறகு கிளினிக்கில் விடை கிடைத்தது. அவருடைய இரத்த அழுத்தம் கூடியிருக்கும். குளிசை வேலை செய்யவில்லை என்று நினைக்கும் மருத்துவர் அளவைக் கூட்டி எழுதுவார். விலையும் கூடும். அவர் இன்னும் குறைந்த நாளுக்கு வாங்குவார். அதனால் இன்றும் அளவைக் கூட்ட முன்னர், “ஐயா, போன மாதம் எத்தனை நாளைக்கு வாங்கினீங்கள்?” என்று கேட்பேன். ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். எத்தனை நாளைக்கு வாங்கினார் என்று கேட்டால் உண்மை வரும்.

ஒரே மருந்து நாலு பெயரில், நாலு விலையில் அலுமாரியில் இருப்பதையும் அங்கேதான் கண்டேன். 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே பற்றி மருத்துவபீடத்தில் படித்தபோது, மருந்தை வணிகப் பெயரில் எழுதாமல் பொதுப் பெயரில் எழுத வேண்டும் என்று அவர் ஏன் வாதாடினார் என்பது எனக்கு உடனே விளங்கியது. அந்த நாலு விலைகளையும் நான் என் கையால் பில்லில் எழுதியிருக்கிறேன்.

இனி, வேலை எடுப்பது எப்படி என்று தங்கைமாருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிக்கூட நற்சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போங்கள். சனம் நிற்காத நேரமாகப் பார்த்துப் போங்கள். “ஏதாவது வேலை இருக்கோ?” என்று கேட்காதீர்கள். உங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லுங்கள். தமிழ்த் தட்டச்சு, சிங்களத்தில் பேசுவது, கணினியில் கணக்கு வைப்பது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் விலை உள்ள திறமைகள். எந்த மாதம் வரை நிற்பீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழக்கிவிட்ட பிள்ளை சொல்லாமல் போய்விடும் என்பதுதான் முதலாளிமாரின் பெரிய பயம். தனியார் கல்வி நிலையங்கள், முன்பள்ளிகள், தனியார் வைத்தியசாலைகளின் பதிவு மேசை, கணக்காளர் அலுவலகங்கள், உயர்தரம் முடித்தவர்களைப் பயிலுநராக எடுக்கும் வங்கிகள் என்று கேட்டுப் பார்க்க இடங்கள் உண்டு.

உங்கள் உரிமையையும் தெரிந்து வைத்திருங்கள். கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவருக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். தற்காலிகமாக வேலை செய்பவருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் போகும், முதலாளி 12 வீதம் போடுவார். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் இன்னும் 3 வீதம் போடவேண்டும். வேலையிடத்தில் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றம். அப்படி ஒன்று நடந்தால் பிழை உங்களுடையது அல்ல. வீட்டில் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் வந்து சொல்லுங்கள்.

என் வகுப்புத் தோழி ஒருத்தியை ஓர் அலுவலகம் “பழகிற காலம்” என்று சொல்லி மூன்று மாதம் சம்பளமில்லாமல் வைத்திருந்தது. காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்கு வருவாள். நாலாவது மாதம் வேறொரு பிள்ளையைப் பழக்க எடுத்துக்கொண்டு இவளை நிற்பாட்டிவிட்டார்கள். பஸ் காசு அவளுடைய அம்மா தையல் தைத்துக் கொடுத்தது. பயிற்சி என்ற பெயரில் இது இன்றும் நடக்கிறது. எங்கள் பழைய மாணவர் நடத்தும் ஓர் இடத்திலும் இது நடக்கக்கூடாது.

கடைசியாக, என் அக்காமாரிடமும் என் வயதுத் தோழிகளிடமும் ஒரு வேண்டுகோள். உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. முன்வரிசையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கடிதம் வராது. வராத பிள்ளைக்கு இந்த மாதங்கள் இன்னும் முக்கியம். ஆறு மாதம் வேலை செய்து, கையில் ஒரு சேவைக் கடிதமும் வங்கிப் புத்தகமும் வைத்திருக்கும் பிள்ளை, வெட்டுப்புள்ளி வரும் நாளில் அடுத்தது என்ன என்று யோசிக்கும் நிலையில் இருப்பாள்.

“ஆரைத் தெரியும்?” என்ற கேள்வி இன்னும் மாறவில்லை. அப்பா அம்மாவுக்கு நாலு பேரைத் தெரிந்த பிள்ளைக்கு அது கேள்வியே அல்ல. ஒருவரையும் தெரியாத பிள்ளைக்கு அந்த இடத்தில் கதவு மூடிவிடுகிறது. நூறு ஆண்டுகளில் எங்கள் பள்ளிக்கூடம் வைத்தியசாலைகளுக்கும் வங்கிகளுக்கும் கச்சேரிக்கும் கடைகளுக்கும் ஆட்களை அனுப்பியிருக்கிறது. அந்தப் பிள்ளை “எனக்கு என் பள்ளிக்கூடத்து அக்காமாரைத் தெரியும்” என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

மண்டபக் கட்டடத்துக்கும் விளையாட்டு முற்றத்துக்கும் நாங்கள் தாராளமாகக் கொடுத்திருக்கிறோம். இதற்குக் கட்டட நிதி வேண்டாம். சங்கத்தில் ஒரு கொப்பி போதும். மூன்று மாதத்துக்கு, முறையான சம்பளத்தோடு, ஒரு பிள்ளையை வேலைக்கு எடுக்கக்கூடியவர்கள் அதில் பெயர் எழுதட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் விண்ணப்பக் கடிதம் எழுதவும் நேர்முகத்துக்குப் பேசிப் பழகவும் தொலைபேசியில் உதவலாம். யாருக்கு எந்த இடம் என்பதை ஓர் ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். ஒருவரையும் தெரியாத பிள்ளைகளை முதலில் அனுப்பட்டும்.

என் கிளினிக்கின் பதிவு மேசையில் ஒரு பிள்ளைக்கு இடம் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்தால் முதலாவது பெயராக என் பெயரை எழுதுவேன். பக்கத்தில் இருப்பவர்களும் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.