முகம் பார்த்துப் போடும் மார்க்கு

(நாகர்கோவிலில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



நம் வீட்டுப் பிள்ளை வேலைக்கோ காலேஜுக்கோ மனுப் போட்டால் "தகுதி, திறமை" என்கிறார்கள். தகுதி வேண்டும், சந்தேகமில்லை. ஊசி போடுகிறவருக்குப் படிப்பு வேண்டும். மில்லில் மெஷின் ஓட்டுகிறவருக்குக் கைப்பழக்கம் வேண்டும். ஆனால் அதை அளக்கிற மரக்கால் யார் கையில்?

கூலியை நெல்லாக அளந்த காலத்தில் உங்கள் தகப்பனார் மரக்காலைப் பார்த்தார், அளக்கிற கையையும் பார்த்தார். தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு, குவித்து அளந்தால் ஒரு கணக்கு. பரீட்சைத் தாளிலும் குறை உண்டு. என்றாலும் தாள் இருக்கிறது, எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம். இன்டர்வியூவில் பையன் சொன்ன பதில் காற்றோடு போகிறது. மிஞ்சுவது ஒரு எண்.

1970-ல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பெரியகருப்பன் வழக்கு. இன்டர்வியூவுக்கு 75 மார்க்கு. விளையாட்டு அல்லது என்.சி.சி., சேவை, உடல் வலிமை, பொதுத் திறமை, படிப்புக்கேற்ற நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். கமிட்டியார் தலைப்புவாரியாகப் போடாமல் மொத்தமாக ஒரே எண்ணை எழுதினார்கள். அது முறையல்ல என்றது கோர்ட். 75 என்பதே அதிகம் என்றும் சொன்னது.

"பொதுத் திறமை" என்றால் என்ன தோழர்களே? வக்கீல் மகனுக்குப் பெரிய மனிதர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது பழக்கம். நாற்று நடுகிற தாயின் மகளுக்கு அந்த அறைக்குள் நுழைந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கூச்சத்துக்குத்தான் மார்க்குக் குறைகிறது. (விளையாட்டுக்கு மார்க்காம்! எந்தச் சேரியில் டென்னிஸ் மைதானம் கட்டி வைத்திருக்கிறார்கள்?)

ஸ்ரீநகர் என்ஜினீயரிங் கல்லூரியில் எழுத்துப் பரீட்சைக்கு 100, இன்டர்வியூவுக்கு 50. இரண்டு மூன்று நிமிஷந்தான் பேச்சு. பெற்றோர் யார், எந்த ஊர் என்றுதான் கேட்டார்கள் என மாணவர்கள் முறையிட்டார்கள். 1980-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்று, மொத்தத்தில் 15 சதவிகிதத்துக்கு மேல் இன்டர்வியூவுக்கு ஒதுக்குவது நியாயமல்ல என்றது.

தகப்பன் யார் என்று கேட்பது நம் மண்ணுக்குப் புதிதா? 1956 நவம்பர் 1 வரை நம் ஜில்லா திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தச் சமஸ்தானத்தில் ஈழவரான டாக்டர் பல்புவுக்கு மருத்துவப் படிப்பிலும் இடமில்லை, உத்தியோகத்திலும் இடமில்லை. அவர் சென்னையில் படித்தார், மைசூர் சமஸ்தானத்தில் டாக்டரானார். மைசூரில் இருந்த திறமை திருவிதாங்கூரில் எங்கே போயிற்று? 1896-ல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவர் மகஜர் அவர் முயற்சியால் எழுந்தது.

மில்களிலோ, மேஸ்திரி விரல் நீட்டியவன் உள்ளே, மற்றவன் கேட்டுக்கு வெளியே. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும்.

மத்திய சர்க்கார் 2016 ஜனவரி 1 முதல் கீழ்ப் பதவிகளுக்கு இன்டர்வியூவை எடுத்துவிட்டது. மேல் பதவிகளுக்கு இன்னும் இருக்கிறது. ஆகையால் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்: அறையைவிட்டு வந்ததும் என்ன கேட்டார்கள், எத்தனை நிமிஷம் என்று எழுதி வைக்கட்டும். சர்க்கார் வேலையானால் 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டப்படி தன் மார்க்கைக் கேட்டு மனுப் போடலாம். மனு எழுதத் தெரியாதவர்கள் அந்தக் குறிப்போடு சங்க ஆபீசுக்கு வாருங்கள்.