ஆள் மாறலாம், வழக்கம் மாற வேண்டாம்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குத் திடீர் லீவு. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து நிற்கிறார். உள்ளே ஒரே இரைச்சல். என்ன செய்வது?

நாமும் கத்தினால் தொண்டைதான் போகும். குரலைத் தாழ்த்திப் பாருங்கள். என்ன சொல்கிறார் என்று கேட்கவே பிள்ளைகள் அடங்குவார்கள்.

அடுத்தது, இதைவிட முக்கியம். வழக்கத்தை மாற்றாதீர்கள். ஆள் மாறினாலே சின்னப் பிள்ளைக்குப் பதற்றம். வழக்கமும் மாறினால் அழுகை. முதலில் பாட்டா, வருகைப்பதிவா? தண்ணீர் குடிக்க எப்போது விடுவார்கள்? பிள்ளைகளிடமே கேளுங்கள். போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள். அடுத்த வீட்டு அடுப்படியில் சமைத்தால், உப்பு எங்கே என்று கேட்டுத்தானே எடுப்போம்?

வழக்கம் தெரிந்தாயிற்று, அடுத்து பாடம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகள் உண்டு. எந்தப் பிள்ளை எந்த நிலை என்று பார்த்துக்கொண்டால், பாதி வேலை முடிந்தது.

வீட்டுக்கும் இதே கதைதான். அம்மா ஊருக்குப் போன நாளில் பேரனைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளே! குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதே நேரத்தில் நடக்கட்டும். ஆள் மாறலாம். வழக்கம் மாற வேண்டாம்.