வேண்டுதலும் ஈகையும்: கொள்ளைநோய்க் காலக் கார்த்தேஜ்



சொல்லால் வாழ்பவர் புலவர். நோயுற்றுக் கிடப்பவரின் பாயருகே அச்சொல்லுக்கு என்ன வேலை? அங்கே வேண்டுவன நீர், கஞ்சி, மருந்து, தாங்கிப் பிடிக்கும் கை ஆகியவை. ஆயினும், அயலார் ஒருவர் கடும்பிணியில் வீழ்ந்தார் என்று கேட்டவுடன் கிறித்தவர் முதற்கண் எடுப்பது வேண்டுதல் என்னும் சொல்லை. அச்சொல் கையைச் செயலுக்கு ஏவுகிறதா, அன்றிக் கைக்கு ஓய்வு தந்துவிடுகிறதா என்பதே இன்று ஆராயத்தக்க வினா. கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் நகரின் வரலாறு இதற்கு விடை காணத் துணைசெய்யும்.

கார்த்தேஜ் வட ஆப்பிரிக்கக் கடற்கரையில், இன்றைய துனீசியா நாட்டில் அமைந்திருந்த உரோமப் பேரரசின் பெருநகர். அங்கே சொற்பொழிவுக் கலை கற்பித்துப் புகழ்பெற்றவர் சிப்பிரியான். சொல்லே அவர்தம் தொழில். ஏறத்தாழ 246ஆம் ஆண்டில் கிறித்தவரான அவர், தம் உடைமையை விற்று ஏழையர்க்கு வழங்கினார். சில ஆண்டுகளிலேயே அந்நகரின் ஆயரானார். 250ஆம் ஆண்டில் பேரரசர் தேசியுவின் ஆணைப்படி, உரோமத் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தோர் சிறையுற்றனர், உடைமை இழந்தனர், சிலர் உயிரும் இழந்தனர். சிப்பிரியானைச் சிங்கத்திற்கு இரையாக்குமாறு நகர மக்கள் கூவிக் கேட்டனர். அவர் ஊரைவிட்டு மறைந்து வாழ்ந்து, 251ஆம் ஆண்டில்தான் திரும்பினார்.

அந்தப் புண் ஆறுமுன்னரே, 252ஆம் ஆண்டையொட்டிக் கொள்ளைநோய் நகரை அலைக்கழித்தது. வயிற்றுப்போக்கு, ஓயாத வாந்தி, தொண்டைப்புண், குருதியெனச் சிவந்த கண்கள், செவியும் பார்வையும் பழுதாதல் என அந்நோயின் கொடுமையைச் சிப்பிரியானே தம் நூலொன்றில் குறித்துள்ளார். உற்றாரையே கைவிட்டு மக்கள் ஓடினர் என்றும், தெருவெங்கும் பிணங்கள் கிடந்தன என்றும், அவர் வரலாற்றை எழுதிய திருத்தொண்டர் பொந்தியு கூறுகிறார்.

இந்நிலையில் ஆயர் தம் மக்களை ஒன்றுகூட்டினார். தம்மவரைத் தாமே பேணுவதில் வியப்பொன்றும் இல்லை என்றும், பகைத்தவர்க்கும் பிற சமயத்தவர்க்கும் நன்மை செய்வதே நிறைவு என்றும், எல்லார்மேலும் ஞாயிற்றை எழச்செய்யும் இறைவனின் மக்கள் அவனைப்போலவே நடத்தல் வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். கேட்டவர் யாவர்? ஈராண்டுக்கு முன் தம் தந்தையைச் சிறைக்கு இழுத்துச் செல்லக் கண்டவரும் அக்கூட்டத்தில் இருந்திருக்கக் கூடும். இழுத்துச் சென்றவனின் வீடும் அதே தெருவில் இருந்திருக்கக் கூடும். அவ்வீட்டில் இன்று தண்ணீர் கேட்டு ஒருவன் முனகுகிறான். அவனுக்காக இறைவனை வேண்டுவது எளிது. அவன் வீட்டு வாயிலைக் கடப்பதே அரிது.

அவர்கள் அவ்வாயிலைக் கடந்தனர். அவரவர் நிலைக்கேற்பப் பணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. பொருளுடையோர் பொருளீந்தனர். வறுமையால் பொருள் தர இயலாதோர் தம் உழைப்பைத் தந்தனர். அவ்வுழைப்பு எல்லாச் செல்வத்தினும் உயர்ந்ததாயிற்று என்பது பொந்தியுவின் கருத்து. ஈகை என்பது உடையார்க்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் இங்கே தகர்கிறது. நோயாளியின் அருகிருந்து பணிசெய்பவனை மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக எண்ணிய வள்ளுவரின் நுட்பம் ஈண்டு நினையத்தக்கது. கொள்ளைநோய்க்கு மருந்தில்லாத காலத்திலும், நீரும் உணவும் ஊட்டி அருகிருந்து பேணுவதொன்றே பலரைப் பிழைக்கச் செய்திருக்கும் என்று சமூகவியலறிஞர் ராட்னி ஸ்டார்க் தம் 1996ஆம் ஆண்டு நூலில் வாதிடுகிறார்.

ஆயின் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. வேண்டுபவரும் வேண்டாதவரும் ஒன்றுபோல் மடிந்தனர். நோய் தம்மவரையும் தாக்குகிறதே என்று கிறித்தவர் சிலர் மனங்கலங்கினர். சிப்பிரியான் அதை மறைத்துப் பேசவில்லை; உடலோடு வாழுங்காறும் உடலின் துன்பம் எல்லார்க்கும் பொது என்றார். நோய் மாந்தர் மனத்தைச் சோதிக்கிறது என்றார். நலமாயிருப்போர் நோயுற்றோரைப் பேணுகின்றனரா, நோயுற்ற பணியாளர்பால் தலைவர் இரங்குகின்றனரா, அழைக்கும் நோயாளியை மருத்துவர் கைவிடுகின்றனரா என்பனவே அவர் அடுக்கிய வினாக்கள். வேண்டுதல் நலத்தை வாங்கும் விலையன்று என்பது இதனால் தெளிவாகும். அது வேண்டுபவரையே நோக்கித் திரும்பும் வினா. ஈகையின் துணையில்லாத வேண்டுதல் வலிமை குன்றியது என்று அவர் வேறொரு நூலிலும் வற்புறுத்துகிறார். குளிரிலும் பசியிலும் வாடுவோரை வெறும் வாழ்த்துக் கூறி அனுப்புவதால் பயனில்லை என்னும் யாக்கோபு திருமுகத்தின் கருத்தும் இதுவே.

இவையெல்லாம் தம்மவர் தம்மைப் புகழ்ந்த சான்றுகள் அல்லவா என்னும் ஐயம் எழுதல் இயல்பு, நேர்மையானதும் ஆகும். மாற்றாரிடமிருந்தும் ஒரு சான்று உண்டு. கிறித்தவத்தை எதிர்த்த பேரரசர் யூலியன் 362ஆம் ஆண்டையொட்டி எழுதியதாக வரலாற்றாசிரியர் சொசொமென் ஒரு கடிதத்தைத் தந்துள்ளார். அதில், அவர்கள் தம் ஏழையரோடு எம் ஏழையரையும் பேணுகின்றனர் என்னும் மனக்குறை வெளிப்படுகிறது. பகைவரின் குறைகூறலினும் உறுதியான நற்சான்று அரிது.

இனி, பெறுபவரின் மானம் பற்றிய செய்தி. உதவி பெறுபவர் தலைகுனியும்படி நேர்ந்தால் ஈகை பாதி பயனிழக்கும். இதற்கு விடைபோல் அமைவது சிப்பிரியானின் மற்றொரு செயல். நுமிதியாவில் கிறித்தவர் பலரைக் கொள்ளையர் சிறைபிடித்தபோது, அவர்களை மீட்கக் கார்த்தேஜ் மக்கள் 1,00,000 செஸ்டர்சுக் காசு திரட்டினர். அத்தொகையோடு, கொடுத்தோரின் பெயர்ப்பட்டியலையும் ஆயர் அனுப்பினார். கல்லில் பொறிப்பதற்கோ மேடையில் படிப்பதற்கோ அன்று. அவர்களைப் பெறுவோர் தம் வேண்டுதலில் நினைவுகூர்வதற்காக. பொருள் இங்கிருந்து அங்கே சென்றது. வேண்டுதல் அங்கிருந்து இங்கே வந்தது. பெற்றவர்க்கும் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது. எழுந்து நடக்க இயலாத நோயாளியும், தமக்குக் கஞ்சி கொணர்ந்தவரின் பெயரைச் சொல்லி இறைஞ்சும்போது, இரவலர் நிலையினின்று நீங்கி ஈபவர் ஆகின்றார்.

258ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், வலேரியன் ஆட்சியில், சிப்பிரியான் அதே நகரில் வாளால் வெட்டுண்டு இறந்தார். அவர் தொண்டிற்கு அரசு தந்த கைம்மாறு அது. நோயாளியின் வாயில்வரை சென்ற சொல்லே மெய்ச்சொல் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. கவிதைக்கும் இவ்வளவை பொருந்தும். நோயுற்ற அயலாரைப் பற்றிப் பாடும் கவிஞர், பாடலை முடித்தபின் அவ்வீட்டுக் கதவைத் தட்டுவாராயின் அப்பாடல் நிறைவுறும்.