இசையாசிரியர் வாழ்வும் சமூகத்தின் கடமையும்

(நமது சங்கத்தின் தூத்துக்குடிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் சங்கீதம் பயிற்றுவித்து ஓய்வு பெற்ற நாம், நம் வாழ்வையும் குடும்பத்தையும் தொழிலையும் குறித்துச் சில வார்த்தை பேச வேண்டுமென்று சங்கத்தார் பணித்தனர். அப்பணியைத் தலைமேற் கொண்டோம். ஆயினும் சிறியோராகிய நம் கதையைத் தனியே விரித்துரைப்பதில் யாருக்கு என்ன பயன்? நம் குலத்தில் உதித்து, உபாத்தியாயராகத் தொடங்கி, இசைக்கடலின் ஆழங் கண்ட பெரியார் ஒருவரின் சரித்திரத்தை முன்னிறுத்தி, அதன் ஓரத்தில் நம் அநுபவத்தையும் வைத்துக் காட்டுவதே பொருந்தும். அப்பெரியார் தஞ்சை ஆபிரகாம் பண்டிதராவர்.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில், முத்துசாமி நாடாருக்கும் அன்னம்மாளுக்கும் மைந்தராகப் பிறந்தார். செல்வக் குடியன்று. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே உபாத்தியாயராக அமர்ந்தார். சடையாண்டிப் பத்தரிடம் இசை பயின்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் சித்தரை அடுத்து மருத்துவமும் கற்றார். ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தபின் தம்பதியர் இருவரும் தஞ்சை சென்று, அங்கிருந்த பெண்கள் பாடசாலையிலே கல்வி கற்பித்தனர். 1890இல் அவ்வேலையை விடுத்து முழுநேர வைத்தியரானார். அவருடைய கோரோசனை மாத்திரை கடல் கடந்தும் பெயர் பெற்றது.

இவ்விடத்தே ஒன்றை ஊன்றி நோக்குவோமாக. வைத்தியத்தால் வந்த பொருளைப் பண்டிதர் எதிற் செலவிட்டார்? 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். பல ஊர் வித்துவான்களைத் தஞ்சைக்கு வருவித்து, உண்டியும் உறையுளும் அளித்து, இசையின் நுட்பங்களைச் சபை நடுவே ஆராயச் செய்தார். ஒரு ஸ்தாயிக்குச் சுருதி 22 என்று பலரும் கொண்டிருந்த காலத்தில், சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆதாரமாகக் கொண்டு 24 என்று வாதித்தார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மகாநாட்டிலே தம் கொள்கையை எடுத்துரைத்து, அதைப் பாடியும் வீணையில் வாசித்தும் மெய்ப்பிக்கத் தம் புதல்வியரையே சபையில் அமர்த்தினார். 1917இல் ஆயிரம் பக்கங்களைக் கடந்த "கருணாமிர்த சாகரம்" வெளிவந்தது. 1919இல் பண்டிதர் மறைந்தார். அந்நூலின் இரண்டாம் பாகத்தை 1946இல் அச்சேற்றியவர் அவர் மகளார் மரகதவல்லி அம்மையாரே.

அக்காலத்தில் குடும்பப் பெண் சபையில் பாடுதல் இழுக்கென்று எண்ணியோர் மிகப் பலர். அந்நாளிலேயே தம் பெண்மக்களை அறிஞர் சபையில் சான்றாக நிறுத்திய தந்தையும், தந்தை சென்ற கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அவர் பணியை முடித்த மகளும் தோன்றியது நம் சமூகத்தில் என்பதை நம் வீட்டுப் பெண்மக்கள் அறிதல் வேண்டும்.

இனி நம் கரைக்கு வருவோம். இம்மாவட்டத்து எட்டயபுரத்திலே முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் முக்தி எய்தினார். அவ்வூரிலேயே சுப்பராம தீட்சிதர் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி"யை 1904இல் வெளியிட்டார். அதற்கு எட்டயபுரம் அரசரின் ஆதரவு இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த கருணாமிர்த சாகரத்துக்கோ ஆசிரியரின் சொந்த உழைப்பே ஆதரவு. இன்று அரசரும் இல்லை. பண்டிதரைப் போன்ற தனவந்தரும் அரியர். ஆகவே இசையைக் காப்பவர் யார் என்னும் வினா நம்மெதிரே நிற்கிறது.

நம் தொழிலில் கண்டதைச் சொல்வோம். நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில், பரீட்சைக் காலம் அணுகியதும் முதலில் பறிபோவது சங்கீத வகுப்பே. தேர்வு முடிந்தபின் திரும்பித் தருவதாகச் சொல்லுவர், திரும்பியதில்லை. பத்தாம் வகுப்பு எட்டியதும் நன்றாகப் பாடும் பெண்ணைப் பெற்றோர் நிறுத்திவிடுவர். "பாட்டு சோறு போடுமா, ஐயா?" என்று கேட்பர். அக்கேள்வியில் குற்றமில்லை, உப்பளத்திலும் துறைமுகத்திலும் வெயிலில் உழைத்து மக்களை வளர்ப்போர் அவ்வாறு கேட்பது இயல்பே. நாமும் உப்பளத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவரே. நம் சம்பளம் போதாத ஆண்டுகளில் இல்லத்தரசியார் இரவெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்ததாலன்றோ நாம் தம்புராவின் முன் அமர முடிந்தது!

முத்துக்குளித்துறைப் பெரியோர் ஒரு செய்தி சொல்வர். கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குபவன் எவ்வளவு தீரனாயினும், அவன் உயிர் மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவன் கையிலே உள்ளது. ஆதலின் அக்கயிற்றை மைத்துனனிடமே கொடுப்பராம்; தங்கையின் தாலிக்காகவேனும் அவன் கண்ணயரான் என்பது கருத்து. 1961க்குப் பின் நம் கடலில் முத்துக்குளிப்பு நிகழவில்லை. ஆயினும் அந்நீதி அழியவில்லை. பண்டிதர் ஆழத்தில் இறங்கினார். 1911இல் மறையும்வரை பொன்னம்மாள் கயிற்றைப் பிடித்திருந்தார். நமக்கும் நம் மனையாட்டி பிடித்தார். வகுப்பிலே பிள்ளைகள் இறங்க, நாம் பிடித்தோம். ஓய்வு பெற்ற அன்று அக்கயிறு நம் கைவிட்டுப் போயிற்று. அதைப் பற்றும் கை எது என்பதே நம் கவலை.

ஒன்று சொல்லி அமைவோம். நம் முன்னோர் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையென்று ஒதுக்கினர். மூட்டைக்கு இவ்வளவு என்று சேர்ந்த அப்பொருளாலன்றோ விருதுநகரில் 1885ஆம் ஆண்டே க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது! எழுத்துக்கு மகமை கொடுத்த சமூகம் இசைக்குக் கொடாதா? நம் வீட்டுத் திருமணங்களில் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் செலவாவதில் நூற்றில் ஒரு பங்கை இசை மகமையாக ஒதுக்குவோமாக. அதைக்கொண்டு சங்கக் கட்டிடத்தில் வாரம் இருநாள் மாலை வகுப்பு நடத்தலாம். சுருதிப் பெட்டியும், ஆர்மோனியமும், நாலைந்து பிடிலும் வாங்கி வைத்து, வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கலாம். கோயிலுக்குச் செல்வோர் தேவாரமும், தேவாலயத்துக்குச் செல்வோர் கீர்த்தனையும் ஒரே பாயில் அமர்ந்து கற்கலாம். ஏழு சுரத்துக்கு மதம் ஏது? பண்டிதர் தமிழிலேயே பிள்ளைகளுக்கு ஏற்ற கீதங்களும் சுரஜதிகளும் இயற்றி வைத்திருக்கையில் பாடத்துக்கும் குறைவில்லை.

சிப்பிதோறும் முத்து இராது. நம்மிடம் பயின்றோருள் மேடை ஏறியவர் மிகச் சிலர். ஏறாத மற்றையோர் தம் குழந்தையைத் தொட்டிலில் இட்டுச் சுருதி பிசகாமல் தாலாட்டுகின்றனர். இழவு வீட்டிலும் இறைவன் சந்நிதியிலும் துணிந்து குரல் கொடுக்கின்றனர். அதுவும் ஆதாயமே.

ஆசிரியர் வேண்டுமாயின், ஊதியம் வேண்டாமலே வாரம் இருநாள் வர நாம் சித்தமாயிருக்கிறோம். இடமும் மகமையும் சங்கத்தாரைச் சார்ந்தவை. பிள்ளைகளை அனுப்புதல், சிறப்பாகப் பெண்மக்களைப் பரீட்சை முடிந்தபின்னும் அனுப்புதல், தாய்மாரைச் சார்ந்தது.  சமூகம் வாழ்க! இசை வளர்க!