பல் மருத்துவ நேர்முகத் தேர்வும் போட்டி பற்றிய கேள்விகளும்

தமிழ்நாட்டில் பி.டி.எஸ். படிப்பில் சேர இன்று நேர்முகத் தேர்வு கிடையாது. 720 மதிப்பெண்ணுக்கான நீட் தேர்வு, தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு என்ற வரிசையில் இடம் முடிவாகிவிடுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் நிலைமை வேறு. அங்கே மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்விலும் தேற வேண்டும்.

தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் நேர்முகத் தேர்வு இருந்தது. பெரியகருப்பன் வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் தமிழக மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையை ஆராய்ந்தது. மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு மாணவருக்குக் கிடைத்ததோ ஏறக்குறைய மூன்றே நிமிடம். அதற்குள் ஒருவரின் திறமையை அளப்பது கடினம், 75 மதிப்பெண்ணும் மிக அதிகம் என்று நீதிமன்றம் கருதியது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. 2017 முதல் நீட் நடைமுறையில் உள்ளது.

ஒரே குழுவின் சில நிமிட எண்ணம் ஒரு மாணவரின் எதிர்காலத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்காக, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் புதிய முறை ஒன்றை உருவாக்கியது. மாணவர் அறை அறையாகச் செல்வார். ஒவ்வோர் அறையிலும் வேறு தேர்வாளர், வேறு கேள்வி. பல் மருத்துவக் கல்லூரிகள் பலவும் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

அத்தகைய நேர்முகத் தேர்வுகளில் போட்டி பற்றிய கேள்விகள் பல வடிவில் வரும். ‘உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் நடுவே எப்படிப் படிப்பீர்கள்?’, ‘பின்தங்கும் வகுப்புத் தோழருக்கு உதவுவீர்களா?’, ‘தோல்வியை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?’ முதலிடம் பிடிக்கும் வேகத்தை அறிவது இவற்றின் நோக்கமன்று. பல் மருத்துவர் உதவியாளரோடும் செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பரோடும் சேர்ந்தே சிகிச்சை தருகிறார். பிறரை மதித்து வேலை செய்பவரா, குறையை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்பவரா என்பதே பார்க்கப்படுகிறது.

ஆகவே, அந்நாடுகளில் விண்ணப்பிக்கும் மாணவர் சொந்த அனுபவத்திலிருந்து இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைத் தேர்ந்து வைப்பது நல்ல தயாரிப்பு. என்ன நேர்ந்தது, தாம் என்ன செய்தார், விளைவு என்ன, பிறகு எதை மாற்றிக்கொண்டார் என்ற வரிசையில் ஒவ்வொன்றும் அமைய வேண்டும். நிகழ்ச்சி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சின்ன காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்து மாணவர் தறியைப் பற்றியே பேசலாம். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். கரைக்கு நாடா போட இன்னொருவர் துணை வேண்டும். இருவர் கையும் ஒத்துப்போகாவிட்டால் சேலை கெடும். அப்படித் துணை நின்றவருக்குக் கூட்டு வேலை, பொறுமை, விரல் நுணுக்கம் மூன்றையும் பற்றிச் சொல்ல உண்மையான செய்தி இருக்கிறது. பல் மருத்துவத்துக்கு அந்த மூன்றும் வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை: ‘எனக்குப் போட்டி மனப்பான்மையே இல்லை’ என்ற பொய்ப் பணிவு, சக மாணவரைத் தாழ்த்திப் பேசுவது, மனப்பாடம் செய்த விடை. வீட்டாரோ ஆசிரியரோ கேள்வி கேட்க, ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகினால், எந்த வடிவில் கேள்வி வந்தாலும் தடுமாற்றமின்றிப் பேச வரும்.