வானத்திலிருந்து வந்த "ஹாய்"

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கைப் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு ஒரு வானொலி வாங்கிக் கூரையில் அன்ரனா பூட்டுவதற்கு ஒதுக்கலாம் என்று நாம் சொன்னபோது, எமது மூத்த அக்கா ஒருவர் எழுந்து, "மலசலகூடம் திருத்தக் கிடக்கு, உங்களுக்கு விண்வெளியோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மலசலகூடத்துக்கு முதலில் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் மறுபடியும் இதைக் கேட்கிறோம்.

1961 டிசெம்பர் 12ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து ஓர் இராணுவச் செய்மதி ஏவப்பட்டது. அந்த ரொக்கெட்டில் சமநிலைக்காக வைக்கும் பாரத்துக்குப் பதிலாக ஒரு சிறு பெட்டி இருந்தது. நிறை ஏறக்குறைய நாலரைக் கிலோ. பெயர் ஒஸ்கார் 1. அதைச் செய்தவர்கள் அரசாங்க விஞ்ஞானிகளாக அல்ல, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வானொலியைப் பொழுதுபோக்காகக் கொண்ட அன்பர்களாகவே அதைச் செய்தார்கள். அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது ஒரேயொரு சொல்: மோர்ஸ் சங்கேதத்தில் "ஹாய்". பெட்டியின் உள்வெப்பம் மாற, அந்தச் சொல் வரும் வேகமும் மாறும். ஆகவே கைக்கடிகாரமும் காதும் உள்ள எவரும் விண்வெளியில் உள்ள ஒரு பொருளின் வெப்பநிலையைக் கணித்துவிடலாம். எவ்வளவு எளிமை! மின்கலம் தீரும்வரை ஏறக்குறைய மூன்று வாரங்கள் அது பேசியது. 28 நாடுகளிலிருந்து 570க்கும் மேற்பட்டோர் கேட்டு எழுதி அனுப்பினார்கள். அந்த ஒவ்வொரு வீட்டிலும் விண்வெளி அன்றிலிருந்து வேறு யாருடையதோ அல்ல.

இதைத்தான் நாம் சொல்ல வருகிறோம். தாம் கைவைக்காத ஒன்றுக்கு மக்கள் ஆதரவு தருவது அபூர்வம். எமது நாட்டுப் பொறியியலாளர் இருவர் யப்பானில் உருவாக்கிய இராவணா-1, 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. அந்த இருவரில் ஒருவர் பெண். இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அயல்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவின் சுதந்திரப் பவளவிழாவுக்காக 75 அரச பாடசாலைகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்குகொண்டு ஆசாதிசற் என்ற செய்மதி தயாரானது. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு அவர்களுக்கு வழிகாட்டியது. மதுரைக்கு அருகே திருமங்கலம் அரச பெண்கள் பாடசாலைப் பிள்ளைகளும் அதில் சேர்ந்திருந்தார்கள். 2022 ஓகஸ்ட் 7ஆம் திகதி ரொக்கெட் புறப்பட்டது. ஆனால் 356 கிலோமீற்றர் உயரத்து வட்டப்பாதைக்குப் பதிலாக, ஒரு பக்கம் 76 கிலோமீற்றர் வரை தாழ்கிற பாதையில் செய்மதியை விட்டது. அவ்வளவு தாழ்வில் வளிமண்டலம் எதையும் சுற்றவிடாது. பிள்ளைகளின் உழைப்பு போயிற்று. "பெட்டைப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேலை" என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்டு வேண்டுமா? அவர்களோ இரண்டாவதைச் செய்தார்கள். 2023 பெப்ரவரி 10ஆம் திகதி அது 450 கிலோமீற்றர் உயரத்தில் சரியாகப் போய்ச் சேர்ந்தது. எமக்கு அந்த இரண்டாவது செய்மதிதான் பெரிது.

நாம் செய்மதி செய்யக் கேட்கவில்லை. கேட்கத்தான் கேட்கிறோம். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அது எமது வானத்தைக் கடக்கும் பத்து நிமிடங்களுக்குள், அங்குள்ள அன்பர் வானொலி இயங்கினால், 145.800 மெகாஹேர்ட்சில் அதைக் கேட்கலாம். அங்கிருக்கும் விண்வெளி வீரர்கள் உலகெங்கும் பாடசாலைப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவருகிறார்கள். பதிலுக்கு நாம் பேசுவதென்றால் அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் துணை நிற்க வேண்டும். வெளிநாட்டுக் கிளைகளில் எமது சகோதரிகளோ அவர்களது கணவன்மாரோ அப்படி யாராவது இருந்தால், தேநீர் இடைவேளையில் பொருளாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த அக்காவும் அங்கேதான் நிற்பார்.